கொமியூனிகேஷனில் கிசுகிசுத்தவர் யார்?

ரிசீவரைக் காதில் வைத்தால், முன்னால் பேசிவிட்டுப் போனவரின் பவுடரும் வியர்வையும் சேர்ந்து அடிக்கும்... வெள்ளவத்தையில் ஒழுங்கைக்கு ஒழுங்கை, சந்துக்குச் சந்து, காசு கொடுத்து வெளிநாட்டோடு போன் பேசும் கொமியூனிகேஷன் கடைகள் இருந்த காலம். பிளைவூட் அடித்த சின்னக் கெபின். உள்ளே ஒரு போன், ஒரு ஸ்டூல், சுற்றாத விசிறி.

நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பக்கத்து லொட்ஜில் தங்கியிருந்தோம். அண்ணா சுவிஸில். ஞாயிறு பின்னேரங்களில் அப்படி ஒரு கடையின் நம்பருக்குக் கோல் எடுப்பார். நாங்கள் நேரத்தோடு போய்க் காத்திருப்போம்.

இதெல்லாம் இப்போது ஏன் என்றால்... போன மாதம் ஒரு நாவல் வாங்கினேன். வெள்ளவத்தைக் கொமியூனிகேஷனில் வேலை செய்யும் ஒரு பெண், கெபினுக்குள் ஒருவர் சொல்லும் ரகசியத்தை ஒட்டுக்கேட்கிறாள். பின்னட்டையில் இதை வாசித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அம்மா தவறிச் சில வருஷங்களாகின்றன. அந்தக் கதைக்குள் எங்காவது அம்மாவின் குரல் மாதிரி ஒன்றைக் கேட்டுவிடலாம் என்று ஆசை. அதற்காகத்தான் வாங்கினேன்.

வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

கதையில் எல்லோரும் கெபினுக்குள் போய்க் கிசுகிசுக்கிறார்கள். ரிசீவரில் கண்ணீர் சொட்டுகிறது. அந்தப் பெண் கதவில் காதை வைத்துத்தான் கேட்கிறாள். முழு நாவலும் அந்த ஒரு ரகசியத்தில் தொங்குகிறது. நடுவில் ஒரு காதல், ஒரு கனவு, பக்கம் பக்கமாகக் கடல் வர்ணனை...

கொமியூனிகேஷனில் யார் ஐயா கிசுகிசுத்தது?

வெளிநாட்டுக்குக் கேட்க வேண்டுமென்றால் கத்த வேண்டும் என்பது எங்கள் ஆட்களின் அசையாத நம்பிக்கை. தூரம் கூடக் கூடச் சத்தமும் கூடும். லண்டனுக்கு ஒரு சத்தம், கனடாவுக்கு அதற்கும் மேலே. யாருக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள், யாருக்கு விசா றிஜெக்ட்... வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வெளியே வந்தால் முன்பின் தெரியாத அன்ரி ஆறுதல் சொல்வார். ஒட்டுக்கேட்க அங்கே என்ன இருந்தது?

அம்மாதான் எல்லோரையும் விட மோசம். அண்ணாவை அவர் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். "தம்பி, சாப்பிட்டியோ? குளிருக்கு ஏதும் போட்டிருக்கிறியோ?" ஒழுங்கை முனையில் ஓடும் காலி வீதி என்ற பெரிய ரோட்டின் பஸ் ஹோர்னையும் தாண்டிக் கேட்கும். நான் வெட்கம் தாங்காமல் வாசலில் போய் நிற்பேன்.

ஆத்திரத்தில் அண்ணாவுக்கு வீடியோ கோல் எடுத்து அந்த நாவலைத் திட்டித் தீர்த்தேன். அவர் சிரித்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார், லைன் அப்போதும் நல்ல கிளியராகத்தான் இருந்ததாம். அப்படியென்றால் கத்த வேண்டாம் என்று அம்மாவுக்கு ஒருநாளும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"என்னோட ரூமில இருந்த பெடியன் ஒருத்தனுக்குத் தாய் இல்லை. அம்மா கத்தினாத்தான் அவனுக்கும் கேட்கும். சாப்பிட்டியோ எண்டு அம்மா கேட்க, அவன் கட்டில்ல இருந்துகொண்டு 'ஓம் அம்மா' எண்டு சொல்லுவான்."

இதை அல்லவா எழுதியிருக்க வேண்டும்... எனக்கே இத்தனை காலம் தெரியவில்லை, அந்த எழுத்தாளரை என்ன சொல்ல.

இப்போது அண்ணாவும் நானும் நினைத்த நேரமெல்லாம் பேசுகிறோம். இரண்டு பேர் காதிலும் இயர்போன். பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் கேட்பதில்லை.