சித்தி முடுக்கிய கம்ப்யூட்டர்

குற்றாலத்தில் சீசன் வந்தால் எல்லோரும் எண்ணெய்க் கடையோ சிப்ஸ் கடையோ போடுவார்கள். என் மாமா கம்ப்யூட்டர் ஜாதகக் கடை போட்டார். எண்பதுகளின் கடைசி அது. யாரோ கழித்துவிட்ட கம்ப்யூட்டர் ஒன்றை மெட்ராஸிலிருந்து கொண்டுவந்து, ஐந்தருவிக்குப் போகும் பாதையில் ஓலைக் கொட்டகைக்குள் வைத்தார். அது ஒரு ஜாதகத்தைக் கணித்து முடிப்பதற்குள் குளித்துவிட்டு வந்தவர்களுக்குத் தலை காய்ந்துவிடும். பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள்.

அதை வேகப்படுத்தியது சித்தி. மாமாவின் தங்கை, பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். மூடியைக் கழற்றி, நகத்தளவு தகர வில்லை ஒன்றைக் காட்டினாள். கிரிஸ்டலாம். அதன் துடிப்புக்குத்தான் பிராசஸர் வேலை செய்யுமாம்.

"அப்பம் ரொம்ப வேகமானதா ஒண்ணு மாட்டிர வேண்டியதான சித்தி?" என்றேன்.

"ஏட்டி, ஒரேயடியா முடுக்குனா அவிஞ்சு போவும்லா."

கொஞ்சம் கூடுதல் வேகமான ஒன்றை மாட்டுவாள். நாள் முழுக்க ஓடவிட்டு, பிராசஸர்மேல் விரலை வைத்துப் பார்ப்பாள். சூடு தாங்கினால்தான் அடுத்தது. நானும் விரலை வைத்துவிட்டு உதறிக்கொள்வேன். கடைசியில் ஒரு கிரிஸ்டலோடு நிறுத்தினாள். மேஜை ஃபேன் நேராக அடித்தால் கம்ப்யூட்டர் ஓடும், இல்லையென்றால் சூடேறி அப்படியே நின்றுவிடும். ஃபேனை யாரும் தொடக் கூடாது என்று மாமாவையே அதட்டி வைத்திருந்தாள்.

அந்த வருடம் சித்திக்கு மெட்ராஸில் வேலை கிடைத்திருந்தது. போகட்டுமா என்று கேட்டாள். பதிலுக்குக் கடையம் ஊரில் மாப்பிள்ளை பார்த்தார் மாமா. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக் கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் முதலிலேயே சொல்லிவிட்டார்கள். பொருத்தத்தை நம் கடையிலேயே பார்த்துவிடலாம் என்று மாமா பெருமையாக அவர்களை வரவழைத்தார்.

சாரல் விட்டு, வெயில் சுள்ளென்று அடித்த மத்தியானம். சித்தி காப்பி கொடுத்துவிட்டு மாப்பிள்ளையின் அம்மாவிடம், "வேர்க்குதுல்லா அத்தை, காத்து இங்கன வரட்டும்" என்று ஃபேனைத் திருப்பி வைத்தாள். எவ்வளவு மரியாதை தெரிந்த பெண் என்று அந்த அம்மாள் பூரித்துப்போனார். பிரிண்டர் பெண்ணின் பெயரையும் மாப்பிள்ளையின் பெயரையும் அடித்துவிட்டு நின்றது. மாமா அணைத்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் பெயர்களோடு நின்றது.

"ஃபேனை…" என்று நான் வாயைத் திறந்தேன். சித்தி ஒரு கை நேந்திரங்காய் சிப்ஸை என் வாய்க்குள் திணித்தாள்.

"ரெண்டு பேரும் சேந்ததுமே நிக்குதே தம்பி. எனக்கு மனசு ஒப்பல" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்துகொண்டார். மாமாவைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

சாயங்காலம் சித்தி என்னை ஐந்தருவிக்குக் கூட்டிப் போனாள். பெண்கள் பக்கம் தண்ணீருக்குத் தலையைக் கொடுத்து நின்றவள், சத்தம் போட்டுச் சிரித்தாள். வந்த சம்பந்தம் தட்டிப்போன அன்றைக்கா இந்தச் சிரிப்பு என்று எனக்குக் கோபமே வந்தது. பிறகு என் தலையிலும் அருவி விழுந்தது. இந்தக் குளிருக்கு யாராக இருந்தாலும் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.