பெண்கள் பெட்டியின் வாசலில்

சுனாபட்டி ஸ்டேஷனில் ஞாயிறு மாலைகளில், பெண்கள் பெட்டி நிற்குமிடத்தில் அவரைப் பார்ப்பேன். தேய்த்த சட்டை, தோளில் மகளின் பை, கைக்குள் மகளின் கை. அவரும் அவள் அம்மாவும் சம்மதித்தே விவாகரத்து வாங்கியவர்கள். வேலை முடிந்து அந்த லோக்கல் ரயிலில் நெருளில் உள்ள வீட்டுக்குத் திரும்பும் அம்மாவிடம் மகளை வாசலிலேயே ஏற்றிவிடுவார்.

ஒரு ஞாயிறு, கூட்டத்தில் அம்மாவால் வாசலுக்கு வரமுடியவில்லை. ஏறி நின்ற என்னிடம், "தங்கச்சி, இவளைப் புடிச்சுக்கிடுங்க, அம்மா உள்ளதான் நிக்கா" என்றார். காய்ச்சலில் கொதித்த சிறுமியை உள்ளே தூக்கினேன். அவர் அவள் கையை விடவில்லை. வண்டி நகர்ந்தது.

"விடுங்கண்ணே!" என்று கத்தினேன்.

விட்டார். ஆனால் கூடவே ஓடினார். "எட்டு மணிக்கு மாத்திரை!"

"தெரியும்! ஓடாதீங்க, விழுந்துருவீங்க!" என்று உள்ளிருந்து அம்மா அலறினாள்.

செம்பூரில் கூட்டம் குறைந்ததும் சிறுமி அம்மாவிடம் போனாள். 'இவ்வளவு அக்கறை இருந்தும் ஏன் பிரிந்தீர்கள்?' என்று அந்த அம்மாவிடம் கேட்க வழி முழுக்க நேரமிருந்தது. நான் எட்டு மணி ஆகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.