ஐம்பத்தாறு எண்ணும் வரை

மேடையில் புகை விடும் மெஷினிலிருந்து வந்த, தொண்டையைக் கமறவைக்கும் தித்திப்பு வாசனை... அதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. மாடம்பாக்கத்தில் எங்கள் எதிர்வீட்டு ஷிரின் அக்கா, தாம்பரம் தாண்டி ஒரு இன்ஜினியரிங் காலேஜில் படித்தாள். மொட்டைமாடி அறையில் ட்ரம்ஸ் வாசிப்பாள். அவளும் மூன்று நண்பர்களும் சேர்ந்த பேண்டுக்கு காலேஜ் விழாவில் முதல் மேடை. ப்ராக்ரஸிவ் ராக் என்று ஒரு வகை இசை. ஒரே பாட்டு, பதினெட்டு நிமிஷம்!

"நடுவுல தூங்கிட்டா என்னக்கா பண்றது?"

"தூங்குடி. எழுந்தாலும் அதே பாட்டுதான் ஓடிட்டிருக்கும்."

எனக்குக் கேள்விகள் தீரவில்லை. ஏழு ஏழாக எண்ணுகிற தாளம் என்றாள். பாட்டு கிளாஸில் நான் தொடையில் தட்டும் தகிட தகதிமிதானே அது! நடுவில் எட்டு சுற்று யாரும் எதையும் வாசிக்கமாட்டார்களாம். மனதுக்குள் ஐம்பத்தாறு எண்ணிவிட்டு நால்வரும் ஒன்றாக ஆரம்பிப்பார்களாம்.

"ஒருத்தருக்கு எண்ணிக்கை தப்பிட்டா?"

"மானம் போயிடும்."

மானம் மட்டுமில்லை. அக்காவின் அத்தாவை, அதாவது அவள் அப்பாவை, நான் அங்கிள் என்பேன். பம்மலில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். "ஒரு தடவை வந்து முழுசா கேக்குறேன். ஒண்ணும் தேறலன்னா ட்ரம்ஸ யாருக்காவது குடுத்துடணும்" என்று சொல்லியிருந்தார். அக்காவும் சரி என்றிருந்தாள்.

அன்று சாயங்காலம் அங்கிளின் வண்டியில்தான் போனேன். இரண்டாவது வரிசையில் இடம். பாட்டு தொடங்கியதும் கூட்டம் நாலு நாலாகக் கை தட்டியது, தாளம் நழுவியது, சிரித்துக்கொண்டே விட்டுவிட்டது. அங்கிள் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "ஷட்டர இழுத்து இழுத்து மூடுற மாதிரி இருக்கும்மா..."

பிறகு, சட்டென்று அமைதி.

மேடைப் படியில் பொன்னாடையோடு காத்திருந்த சிறப்பு விருந்தினர், பாட்டு முடிந்தது என்று நினைத்து ஏறிவிட்டார். அரங்கமே கை தட்டியது. தொகுப்பாளர் மைக்கில் "அருமை! நன்றி!" என்றார். விருந்தினர் நேராகப் போய் அக்காவின் தோளில் பொன்னாடையைப் போர்த்தினார்.

அங்கிள் எழுந்தார். "அவ்ளோதானா? வாம்மா, போலாம்." அப்போதுதான் தொடையில் தட்டிக்கொண்டிருந்த என் கையைப் பார்த்தார். "என்னம்மா எண்ணுற?"

"இன்னும் முடியல அங்கிள்... அஞ்சாவது சுத்து."

அவர் மேடையைப் பார்த்தார். அக்கா கண்ணை மூடியிருந்தாள். பொன்னாடைக்கு மேல் அவள் முகவாய் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தது. என் கையைப் பார்த்தார். மறுபடி அவள் முகவாயை. இரண்டும் ஒன்றாக அசைந்தன.

"சார்! இறங்குங்க சார்! பாட்டு இன்னும் முடியல!"

கடையில் லாரிக்காரர்களைக் கூப்பிடும் குரல். மொத்த அரங்கமும் திரும்பியது. ஐம்பத்து நாலு... ஐம்பத்தைந்து...

நால்வரும் ஒன்றாகப் பாட்டுக்குள் இறங்கினார்கள். விருந்தினர் துள்ளி நகர்ந்தார். மீதிப் பாட்டு முழுவதையும் அக்கா பொன்னாடையோடு வாசித்தாள்.

திரும்பும்போது சேலையூர் சிக்னலில் அங்கிள் வண்டியை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் புரியலம்மா" என்றார். "ஆனா அத்தன பேரு கை தட்டியும் புள்ள எண்ணிக்கைய விடல, பாத்தியா?"

ட்ரம்ஸ் மாடியிலேயே இருந்தது.

இப்போது நான் ப்ளஸ் டூ. அக்கா பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். நீளமான பாட்டுகளைத் தேடி எனக்கு அனுப்புகிறாள். நடுவில் அமைதி வந்தால் என் கட்டைவிரல் அடுத்த பாட்டுக்குப் போகப் பார்க்கிறது... அப்போதெல்லாம் தொடையில் தட்டி எண்ணத் தொடங்கிவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கிள் மாடியேறி ட்ரம்ஸைத் தூசி தட்டுவார். இறங்கும் முன், யாரும் கேட்கவில்லை என்று நினைத்து, ஒரே ஒரு அடி.

எங்கள் வீட்டு ஜன்னலில் நின்று நான் ஐம்பத்தாறு வரை எண்ணிப் பார்ப்பேன். அடுத்த அடி இதுவரை விழுந்ததில்லை.