எபனைட்டில் வைத்த சந்தனப் பொட்டு

சரசுவதி பூசைக்கு வைத்திருந்த ஒளிமானியை, வெளிச்சத்தை அளக்கும் கருவியை, இன்று காலை எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்தில் பொருத்தினேன். கல்லூரி அதிபர் முன்னாலேயே முள் ஆடியது; பார்த்துவிட்டுப் போனார். மூடியைப் போட்டு இருட்டாக்கினேன். அப்போதும் ஆடியது.

பார்த்தால், கருவியின் இரண்டு கம்பிகளுக்கும் நடுவே, மின்சாரம் கடத்தாத எபனைட்டின் மேல், பூசையில் வைத்த பொட்டு, காயாத ஈரச் சந்தனம். மின்சாரம் அதன் வழியே கசிந்திருக்கிறது. துடைத்தேன். முள் பூச்சியத்தில் நின்றது.

அதிபர் திரும்பி வந்தார். "முள்ளு ஏன் ஆடேல்லை?"

"மூடி போட்டிருக்கு ஐயா. வெளிச்சமில்லாமல் ஆடக்கூடாது."

"காலமை ஆடினதுதானே? சந்தனத்தைத் துடைச்செல்லோ பழுதாக்கிப் போட்டாய்!"

அவரே புதிதாய்ப் பொட்டு வைத்தார். முள் எழும்பியது.

"பாத்தியே? இப்ப வேலை செய்யுது."

ஓம், செய்கிறது. இருட்டில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறதென்று நாளைக்கு வகுப்பில் நான்தான் எழுதிப்போட வேண்டும்.

எவ்வளவு என்று போடட்டும், நண்பர்களே?