ஜன்னலோர முழங்கை

லோர்னா பிட்மன் எங்கள் மலை நடைக் குழுவின் தலைவி, பஸ் ஓட்டுவதும் அவளே. க்வோர்ன் ஊரில் அவளைத் தெரியாதவர் இல்லை, அவளிடம் திட்டு வாங்காதவரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள். அங்கே தொப்பி மறந்து வரும் பிள்ளைகள் இடைவேளையில் மரத்தடியில்தான் உட்கார வேண்டும். 'தொப்பி இல்லையா, ஆட்டம் இல்லை' என்பது சட்டம். ஓய்வு பெற்றபோது லோர்னா வேலையை விட்டாள், சட்டத்தை விடவில்லை.

மலையடிவாரத்தில் பஸ் நின்றதும் எங்களை வரிசையாக நிறுத்துவாள். காது மடல், பின்கழுத்து, முழங்காலின் பின்புறம் என்று ஒவ்வொரு இடமாக வெயில் கிரீம் பூசியிருக்கிறோமா என்று பார்ப்பாள். அகல விளிம்புத் தொப்பி இல்லாதவர் நாங்கள் திரும்பும்வரை மரத்தடியில் காத்திருக்க வேண்டியதுதான். ஒருமுறை பாதிரியாரே அப்படி உட்கார்ந்திருந்தார்.

அவள் தம்பி டெஸ் ஆட்டுப் பண்ணைகளுக்கு வேலி போடுகிறவன். தலையில் எப்போதும் ஃபுட்பால் டீமின் சாயம்போன கேப். கேப் மூக்குக்கு நிழல் தரும், காதுக்கு என்ன தரும்? இடது காது நுனியில் ஒரு புண், கோடை முழுக்க ஆறவில்லை. அவர்கள் அப்பா இப்படி ஒன்றை அலட்சியம் செய்துதான் தோல் புற்றில் போய்ச்சேர்ந்தார். தம்பியும் அதே வழியில் போய்விடுவானோ என்று லோர்னாவுக்கு பயம். டாக்டரிடம் போ என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். புண் இருந்ததே காதில்தான், ஆனாலும் அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோடை முடிந்ததும் ஒரு ஞாயிறு டெஸ் தானாகவே நடைக்கு வந்தான். பேக்கரி க்ளெனிஸ் வருகிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அடிவாரத்தில் லோர்னா அவன் கேப்பைப் பார்த்தாள்.

"மரத்தடிக்குப் போ."

"லோர், எனக்கு அம்பத்தெட்டு வயசு."

"வயசுக்கேத்த தொப்பி எங்க?"

க்ளெனிஸ் தன் பையிலிருந்து பூப்போட்ட தொப்பி ஒன்றை எடுத்து நீட்டினாள். "இதப் போட்டுக்கோ டெஸ். உன் மூஞ்சிக்கு எடுப்பாத்தான் இருக்கும்."

டெஸ் உடனே வாங்கிப் போட்டுக்கொண்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் மரத்திலிருந்த கோரெல்லாக் கிளிகள் கிளம்பிவிட்டன. லோர்னா மட்டும் சிரிக்கவில்லை.

"அந்தக் காத டாக்டர்கிட்ட காட்டு. இல்லேன்னா இனிமே பஸ்ல ஏத்த மாட்டேன்."

டெஸ் க்ளெனிஸைப் பார்த்தான். "சரி, காட்டறேன். உன் முழங்கைல கறுப்பா ஒண்ணு இருக்கே, அதையும் நீ காட்டணும்."

"அது பொறந்ததுலேர்ந்து இருக்கிற மச்சம்டா."

"நீ பொறந்தப்ப நான் பாக்கல. போன வருஷம் பாத்தேன், அப்ப இல்ல."

எங்களில் யாரும் அவள் முழங்கையைக் கவனித்ததே இல்லை. நடக்கும்போது சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருப்பாள். பஸ் ஓட்டும்போதுதான் அதைச் சுருட்டிவிட்டு, வலது முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொள்வாள். காலையில் வடக்கே போகும்போது கிழக்கு வெயில் அந்தக் கையில் விழும். மாலையில் தெற்கே திரும்பும்போது மேற்கு வெயிலும் அதே கையில்தான். கிரீம் சோதனை அடிவாரத்தில் இறங்கிய பிறகுதானே. ஓட்டுவதும் நடையில் சேர்த்தி என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

இருவரும் போர்ட் அகஸ்டா ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார்கள். டெஸ்ஸின் காதில் இருந்தது வெயில் புண், இன்னும் கெட்டதாக மாறவில்லை. உறையவைத்து எடுத்துவிட்டார்கள். லோர்னாவின் மச்சத்தைச் சோதித்ததில் புற்று என்று வந்தது. சுற்றிலும் நிறையச் சதையோடு வெட்டியெடுத்துத் தையல் போட்டார்கள். இன்னும் கொஞ்சநாள் விட்டிருந்தால் பேச்சே வேறு என்றாராம் டாக்டர். எங்களை அதட்டுவதற்கு அவள் இல்லாத ஞாயிறு ஒன்றை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

அடுத்த நடைக்கு லோர்னா கட்டுப் போட்ட கையோடு வந்தாள், சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு. ஊரிலிருந்து கிளம்ப நின்ற பஸ்ஸில் டெஸ் புதுத் தொப்பியோடு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தான், அகல விளிம்புதான்.

"சாவியக் குடு."

"சட்டைக் கை எங்க?"

"புழுங்குதுடா."

"மரத்தடிக்குப் போ."

அவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் குனிந்து ஷூ கயிற்றைச் சரிசெய்தோம். லோர்னா முணுமுணுத்துக்கொண்டே போய் பக்கத்திலிருந்த மரத்தடியில் உட்கார்ந்தாள். சட்டைக் கையை மெல்ல இறக்கிப் பொத்தானைப் போட்டாள். பிறகு எழுந்து வந்து வலது பக்கக் கதவருகே கை நீட்டி நின்றாள்.

டெஸ் சாவியைத் தரவில்லை. "இடது பக்கம் ஏறு லோர்," என்றான். "போறப்பவும் வர்றப்பவும் அங்கதான் நிழல்."