அண்ணியின் ஜன்னலில் இரண்டாவது பெட்டி

என் மகளுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. நான், என் மனைவி, அவள் மூவரும் வீட்டில் கையால்தான் பேசிக்கொள்வோம். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் தவழ்ந்த காலத்திலிருந்து நாங்களே உண்டாக்கிக்கொண்டது. மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டால் அம்மா. மீசையைத் தடவினால் நான். தோளில் எதையோ ஏற்றிக்கொண்டு குனிந்து நடந்தால் என் அண்ணன், ஏனென்றால் அவருக்கு வாழைத்தார் வியாபாரம். கண்ணைக் கசக்கினால் அண்ணி. அவர் எந்நேரமும் அடுப்புப் புகையில் நிற்பவர்.

எனக்கு வாயால் பேசுவது சிறு வயதிலிருந்தே சிரமம். ஐந்தாம் வகுப்புவரை படித்தேன். வாத்தியார் கேட்டதற்குப் பதில் தெரிந்தும் எழுந்து சொன்னதில்லை. இன்றும் நாலு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மகளோடு கையால் பேசும்போது மட்டும் எனக்கு அந்தக் கூச்சம் இருந்ததில்லை.

கீழே, மலையடிவாரத்துக்கும் அப்பால், ஒரு தையல் கம்பெனியில் காது கேளாத பெண்களை வேலைக்கு எடுக்கிறார்கள் என்று எங்கள் மலைமேல் இருக்கும் செம்மேட்டில் ஒருவர் சொன்னார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அங்கே வரிசையாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் நூலை அறுத்த கையோடு ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருந்தார்கள். கை அவ்வளவு வேகமாக ஓடுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. என் மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். எங்கள் ஊரில் அவளோடு பேச நாங்கள் இருவர்தான். நாங்கள் மிளகுக் கொடிக்கோ மரவள்ளிக் காட்டுக்கோ போய்விட்டால் அவளுக்கு அன்றைக்குப் பேச்சே கிடையாது.

சேர்த்துவிட்டோம். முதலில் பயிற்சி. அது முடிந்ததும், தங்குகிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று கேட்பார்கள். விடுதியில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது அவள் எங்களிடம் கண்டிப்பாக ஒன்று சொன்னாள். தினமும் சாயங்காலம் உங்கள் இரண்டு பேர் முகமும் எனக்கு செல்போனில் தெரியவேண்டும். தெரியாமல் என்னால் இருக்க முடியாது. தெரியாவிட்டால் பயிற்சி முடிந்ததும் வந்துவிடுவேன்.

அவள் எழுத்துக்கூட்டி 'சாப்பிட்டேன்' என்று அனுப்புவாள். அதற்குமேல் உள்ளதை எழுத அவளுக்கும் வராது, படிக்க என் மனைவிக்கும் வராது. அவள் பேச்சு முழுக்கக் கையிலும் முகத்திலும்தான். மற்றவர்களுக்குப் படம் நின்றுபோனால் குரலாவது வரும். எங்களுக்குப் படம் நின்றால் எல்லாம் நின்றது.

எங்கள் பள்ளத்தில் டவர் எடுக்காது; ரோட்டுக்கு ஏறினால் பேச மட்டும் எடுக்கும். ரோட்டோரம் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு மட்டும் வைஃபை வந்திருந்தது. அந்த வீட்டின் முன்பக்கம் டீக்கடை, அதை ஒட்டிப் பக்கவாட்டில் அடுப்படி, கடைக்குப் பின்னால் வாழைத்தார் போடும் அறை. அதற்கும் பின்னால், காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்கினால் எங்கள் வீடு. முதல் வாரம் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் மகளோடு பேசினோம். டீ குடிக்க வந்தவர்கள் எங்கள் கையையே பார்த்தார்கள். ஒருவர் விளையாட்டாகத் தன் கையையும் ஆட்டிக் காட்டினார். மகள் அதைப் பார்த்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்த கையை மடியில் வைத்தாள், மறுபடி தூக்கவில்லை. அடுத்த நாள் அந்த பெஞ்சில் உட்கார எனக்கும் மனம் வரவில்லை.

லைன் கொடுத்த கேபிள்காரரிடம் அண்ணன்தான் எனக்காகக் கேட்டார். ஒயர் இழுத்துவிடலாம் என்றார் அவர். இழுத்தோம். அந்த வாரம் தாண்டுவதற்குள் குரங்குகள் அதில் ஊஞ்சல் ஆடி, கடித்தும் வைத்துவிட்டன. அப்படியானால் இன்னொரு ரூட்டர் வைத்தால் கடையில் இருக்கும் முதல் பெட்டியிலிருந்து காற்றிலேயே வாங்கிக் கொடுக்கும் என்று, ஒரு சின்னப் பெட்டியைச் சரிசெய்து கொடுத்தார்.

அதை நேராக எங்கள் வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். எங்கே வேண்டுமோ அங்கேதானே வைக்கவேண்டும் என்று நினைத்தேன். செல்போனில் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன. மனைவிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் மகள் முகம் வரவில்லை, வட்டம்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ரோட்டுக்கு ஏறிப்போய் கேபிள்காரருக்கு போன் போட்டு மனைவியிடம் கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, அந்தப் பெட்டிக்கே அங்கே ஒன்றும் எட்டாது, அதற்குக் கிடைத்தால்தானே உங்களுக்குக் கொடுக்கும், இரண்டுக்கும் நடுவில் வையுங்கள் என்றாராம்.

நடுவில் என்றால் அண்ணனின் வாழைத்தார் அறை. அண்ணன் உடனே ஆணி அடித்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து மகளைப் பார்த்தோம். அவள் பின்னால் இருந்த கொடியில் காய்ந்த துணிகூடத் தெளிவாகத் தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்பதால் மூன்று பேரும் நிறையப் பேசினோம். அங்கே மற்ற பெண்கள் பேசும் புதுச் சைகைகளை அவள் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள். எங்கள் கைப்பேச்சு அங்கே யாருக்கும் புரியவில்லையாம்.

அது நீடிக்கவில்லை. இரண்டு மூன்று நாள் நன்றாக வரும். பிறகு விட்டுவிட்டு வரும். பிறகு அவள் முகம் பாதிக் கண்ணோடு அப்படியே நின்றுவிடும். அப்புறம் ஒரு நாள் தானாகவே சரியாகும். பனிமூட்டத்தால் என்றார் அண்ணன். பனி இல்லாத நாளிலும் நின்றது. கரண்டால் என்றார்கள். கரண்ட் இருக்கும்போதும் நின்றது.

அப்படி ஒரு நாள் அவள் பக்கத்துக் கட்டில் பெண்ணைக் காட்டி, அந்தப் பெண் தனக்கு யார் என்று சொல்ல ஒரு புதுச் சைகையைத் தொடங்கினாள். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தாள். அதோடு படம் நின்றது. எனக்கு அந்தச் சைகையில் பாதிதான் தெரியும். களை பறிக்கும்போது என்னையறியாமல் கை நெஞ்சுவரை வந்து நிற்கும்.

மறுநாள் படம் கொஞ்சம் வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த பையை இழுத்து மேலே வைத்துக் காட்டினாள். பயிற்சி முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. என் மனைவி போனை அணைத்துவிட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"படம் நிக்கட்டும், புள்ள வந்துரட்டும்னு ஒரொரு நேரம் எனக்கே தோணுதுங்க. அப்புறம் அந்த மெஷினுக்கு முன்னால அவ சிரிச்ச மொகம் நெனப்புக்கு வருது," என்றாள்.

காரணம் தெரிந்தது தற்செயலாகத்தான். அண்ணன் வாரம் முழுக்கத் தோட்டம் தோட்டமாகத் தார் வாங்கி அந்த அறையில் சேர்த்து, சந்தை நாள் விடியற்காலையில் வண்டி ஏற்றுவார். அந்த வாரம் வண்டிக்கு மறுநாள் வேறு வேலை இருந்ததால் முந்தின சாயங்காலமே வந்துவிட்டது. நான் தார் தூக்கப் போனேன். வீட்டில் மனைவி நின்றுபோன படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் பாதி அறையைக் காலிசெய்திருப்பேன், கீழே வாசலிலிருந்து அவள் குரல் கேட்டது.

"ஏனுங்க, கை அசையுதுங்க."

இன்னும் சில தார்களை வண்டியில் ஏற்றினேன். "இப்ப மொகம் அசையுதுங்க," என்றாள். அறை காலியானபோது மகள் அங்கே நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தாளாம். நான் தோளில் கடைசித் தாரோடு அறை நடுவில் நின்று, சுவரில் இருந்த பெட்டியையும் வெறும் தரையையும் மாறி மாறிப் பார்த்தேன். சந்தை முடிந்தால் படம் வருவதும் சந்தை நெருங்கினால் நிற்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த முறை கேபிள்காரரிடம் நானே பேசினேன். ஆமாம், பச்சைத் தாரில் உள்ளதெல்லாம் தண்ணீர்தானே, அறை நிறையத் தண்ணீர்ச் சுவர் கட்டினதுபோலத்தான் என்றார்.

அண்ணனிடம் தாரை வேறெங்காவது போடச் சொல்ல முடியாது. அதுதான் அவர் பிழைப்பு. வேறு இடம் தேடி வீட்டைச் சுற்றி நடந்தேன். டீ கொண்டுபோகக் கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே கதவில்லாத வாசல் ஒன்று உண்டு. அடுப்படியின் பின் ஜன்னல் எங்கள் வீட்டைப் பார்த்தபடி இருக்கிறது. நடுவில் எப்போதும் எதையும் அடுக்கமாட்டார்கள். ஆனால் அது அண்ணியின் இடம். வேறு யாரும் உள்ளே போவதில்லை. அண்ணி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் அவரிடம் கேட்டதற்குப் பதில் சொல்லியிருக்கிறேனே தவிர, நானாக எதையும் கேட்டதில்லை. பயிற்சி முடியும் நாள் அடுத்த சந்தைக்கு முந்தின நாள். அன்று அறை நிறையத் தார் இருக்கும்.

அடுப்படி வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். சொல்லாமலே போய்விடலாமா என்று ஒரு தடவை திரும்பினேன். பிறகு சொன்னேன்.

"அண்ணி, உங்க ஜன்னல்ல ஒரு எடம் வேணுங்க."

அண்ணி கரண்டியோடு திரும்பினார். "யாரு பேசறது?" என்று என்னையே பார்த்துக் கேட்டுவிட்டு, கடைப்பக்கம் குரல் கொடுத்தார். "ஏனுங்க, இங்க வாங்க. உங்க தம்பிக்கு வாய் வந்துருச்சு."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை. மகள் பையைக் கட்டிலில் தூக்கி வைத்ததைச் சொன்னேன். தாரைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை, ஆனால் முழுக்கச் சொன்னேன். அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா நான் போட்ட சோறு நல்லாருக்கு, நல்லால்லன்னு ஒரு வார்த்த வந்ததில்ல. பொட்டி வெக்க மட்டும் வருது," என்றவர், உடனே, "பாப்பாவுக்குன்னா வெச்சுக்க சாமி. உப்புச் சாடியத் தள்ளி வெச்சுக்கறேன்," என்றார்.

வெளியே நின்றபடியே பெட்டியை ஜன்னலில் வைத்தேன், அண்ணி உள்ளே பிளக்கைச் செருகினார். வேலை முடிந்ததும் தலையை ஆட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அந்த வாரம் படம் ஒரு நாளும் நிற்கவில்லை. அறையில் தார் ஏற ஏற நாங்கள் பயந்துகொண்டே பார்த்தோம். ஒன்றும் ஆகவில்லை.

சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் போனை எடுத்தால் நெட்டே இல்லை. ஒரு கோடுகூட இல்லை. மனைவி என்னைப் பார்த்தாள். நான் காப்பிச் செடிகளுக்குள் புகுந்து மேலே ஓடினேன். அடுப்படி ஜன்னலில் பெட்டியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு முதல்முறையாக உள்ளே போனேன். குண்டானைத் தூக்கினேன். அடியில் பெட்டி, பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.

"பொக பட்டுக் கருத்துப்போவுமேன்னு கவுத்து வெச்சேன். பல்லி வேற மேல ஏறுது. மூடக்கூடாதா?" என்றார் அண்ணி.

"மூடக்கூடாதுங்க அண்ணி. அது வெளிய போவ வழி வேணுமுங்க."

"அத அன்னிக்கே சொல்லறதுக்கென்ன? நீ பாட்டுக்குத் தலைய ஆட்டிட்டுப் போயிட்டா எனக்கு எப்புடித் தெரியும்?"

அவர் சொன்னது சரிதான். அடுப்பைத் தணித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவரும் என்னோடு இறங்கி வந்தார்.

மகள் முகம் வந்திருந்தது. ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் கட்டில்மேல் அந்தப் பை நிறைந்து உட்கார்ந்திருந்தது. நான் கண்ணைக் கசக்கி, வெறுங்கையாலேயே குண்டானைக் கவிழ்த்து, அதைத் தூக்கிக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். படம் நிற்கவில்லை. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்துக் கேட்டாள். நாளைக்குப் பதில் சொல்லவேண்டும். இருக்கட்டுமா, வரட்டுமா?

மனைவி உடனே கையைத் தூக்கவில்லை. நானும் அவளை முந்தவில்லை. அவள் மூக்குத்தியைத் தொட்டாள், கண்ணைக் காட்டினாள், போனைக் காட்டினாள். அம்மா பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அப்புறம் உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெதுவாக அழுத்தினாள். இரு.

மகள் திரும்பிப் பையைத் திறந்தாள். ஒவ்வொரு துணியாக எடுத்து, எங்களுக்குக் காட்டிக் காட்டிக் கொடியில் போட்டாள். கடைசியில் பக்கத்துக் கட்டில் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துப் போனுக்கு எதிரே உட்காரவைத்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தாள். என் கையும் நெஞ்சுவரை வந்தது. கைகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி மெல்லக் குலுங்கின.

"என்ன சொல்லறா?" என்றார் அண்ணி.

"கூட்டாளியாமாங்க," என்றேன்.

அண்ணி தன் கைகளைக் கோத்துப் பார்த்தார். பிறகு என்னிடம், "எனக்கு என்ன சாட வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகிவிட்டது. மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணைக் கசக்கிக் காட்டினாள்.

"பொகக்காரியா நானு? இருக்கட்டும், இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, அண்ணி போனுக்கு நேரே குனிந்து இரண்டு கண்ணையும் நன்றாகக் கசக்கினார். அந்தப் பக்கம் மகளும் கசக்கினாள். பக்கத்துக் கட்டில் பெண்ணும், என்னவென்று தெரியாமலே, கசக்கினாள்.