சகலை மாட்டிய பூட்

ஜாக்கி என்றால்தான் எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியும். முப்பது வருடமாக ஏதாவது ஒரு காருக்கு அடியில் கிடக்கும் மெக்கானிக் என்பதால் வந்த பெயர். பிரேக், கிளட்ச் எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. ஒரே ஒரு சாமான்தான் அவர் மானத்தை வாங்கியது. சக்கரத்துக்குப் பின்னால் ஆக்ஸில் ஜாயின்டை மூடியிருக்கும், மடிப்பு மடிப்பான ரப்பர் பூட். அது கிழிந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் தெறித்துப் போகும், மண் புகும், வண்டி திரும்பும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும்.

அவர் மாட்டிய பூட் எதுவும் ஒன்பது மாதம் தாண்டியதில்லை. கடையை மாற்றினார், கம்பெனியை மாற்றினார், விலை கூடியதாக வாங்கிப் பார்த்தார். அடுத்த தெருவில் பட்டறை வைத்திருந்த சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், மாட்டியதோ மூன்று வருடமாகியும் கல்லு மாதிரி இருந்தது.

டிரைவிங் ஸ்கூல் நடத்தும் அம்மாவின் ஆறு கார்களும் ஜாக்கியிடம்தான் வந்துகொண்டிருந்தன. பழகுகிறவர்கள் நாள் முழுக்க ஸ்டீயரிங்கை ஒடித்து ஒடித்துத் திருப்புவதால் அந்த வண்டிகளில் பூட் சீக்கிரம் போய்விடும். ஒரு நாள் அதில் இரண்டு கார்கள் சகலையின் பட்டறை வாசலில் நின்றன. ஜாக்கி போய் அந்த அம்மாவிடமே கேட்டார்.

"உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. அவரு போட்டது கிழியல, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சகலை யாரிடம் சிரித்துப் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. எங்கோ ஒரு நல்ல கடையைப் பிடித்துவிட்டு மூச்சு விடாமல் இருக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டார். மனைவியை அவள் தங்கச்சியிடம் நைசாக விசாரிக்கச் சொன்னதற்கு, உங்களுக்கு வாய் இல்லையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தன்னைவிடப் பத்து வயது சின்னவனிடம் போய் எப்படிக் கேட்பது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சினி வீட்டுக்குப் போயிருந்தார்கள். போன் பேசுவதுபோல வெளியே வந்த ஜாக்கி, சகலையின் காருக்கு அடியில் நுழைந்தார். ரப்பர் பூட்டில் பதிந்திருந்த எழுத்தை விரலால் துடைத்துப் பார்த்தார். அவர் வாங்கும் அதே கம்பெனி. அதற்குள் பக்கத்தில் இரண்டு கால்கள் வந்து நின்றன. சகலைதான். போட்டிருந்த நல்ல சட்டையோடு தானும் மல்லாந்து உள்ளே வந்தார்.

"பூட்டோட ஒரு சின்ன கிரீஸ் பாக்கெட் வருமே சகல, அத என்ன பண்றீங்க?"

தூக்கிப் போட்டுவிடுவதாகச் சொன்னார் ஜாக்கி. பட்டறை டப்பாவில் இருக்கும் கிரீஸைத்தான் அவர் எப்போதும் அப்புவார்.

"டப்பா கிரீஸ் பட்டா இந்த ரப்பர் ஊறி உப்பிடும். பாக்கெட்ல வர்றதத்தான் போடணும். நானும் ரெண்டு வருஷம் இப்படித்தான் கெடுத்துட்டு இருந்தேன்."

ரப்பரின் வாயைக் கவ்வும் கிளாம்பை இறுக்கும் முன் உள்ளே அடைபட்ட காற்றை எப்படி வெளியே விடுவது என்றும் காட்டினார். எதையும் ஒளிக்கவில்லை. ஜாக்கிக்கு அதுதான் இன்னும் எரிந்தது. ஒளித்திருந்தால் திட்டவாவது செய்திருக்கலாம்.

பிறகு ஜாக்கி மாட்டிய பூட்களும் கிழியாமல் நின்றன. இரண்டு வருடம் கழித்து டிரைவிங் ஸ்கூல் அம்மா ஜாக்கியிடம் மிச்சமிருந்த தன் நான்கு கார்களையும் பார்த்துவிட்டு, அப்படி என்ன மாற்றினீர்கள் என்று கேட்டார். தேடி அலைந்து நல்ல சரக்காகப் பிடித்ததாகச் சொன்னார் ஜாக்கி. சாப்பாடு கொண்டுவந்த மனைவி அதைக் கேட்டுக்கொண்டே நின்றாள். அந்த அம்மா கிளம்பும்வரை பொறுத்திருந்தாள்.

"சகல சொல்லிக் குடுத்தாருன்னு சொன்னா வாய் வெந்துடுமா?"

"ரெண்டு காரு அவன்கிட்ட இருக்குல்ல. பேரும் வேற வேணுமா?" என்று கையைக் கழுவப் போனார் ஜாக்கி.